கோடு போட்ட கோப்பை

அடுத்த மாதம் முதல் என் மேசையில் இருக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுபெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது பிள்ளை வரப்போகிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது என்று நானே முடிவெடுத்து விலகுகிறேன். அந்த முடிவு சரிதானா என்று இன்று காலையும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் குழந்தைப் போசாக்கு அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு பகிடி உண்டு. கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி, பூட்டினேனா என்று பார்க்க மறுபடி மாடி ஏறுவேன் என்பார்கள். அது பகிடி அல்ல, உண்மை. அனுப்பிய செய்தியை மூன்று தரம் வாசிப்பேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, போதுமா, கூடிப்போச்சா என்று இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்படுவேன். இப்படிப்பட்ட ஒருத்தி உங்களுக்குப் புத்தி சொல்ல வருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எடை எப்படிப் பார்ப்பது, கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஒரு சனிக்கிழமை பின்னேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னர் நாங்கள் வேலை செய்யும் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம். அவர்கள் கிழக்கில் மழை குறைந்த பக்கத்தில் மாடு வளர்ப்பவர்கள். ஊரில் வயல் விதைக்கத் தொடங்கியதும் மாடுகளை அங்கே வைத்திருக்க முடியாது. பட்டியைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குப் போய்விடுவார்கள். அங்கே தடியும் கூடாரச் சீலையும் கொண்டு வாடி என்னும் குடில் அடித்து, அறுவடை முடியும்வரை இருப்பார்கள். ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இளம் தாய்மாரும் கைப்பிள்ளைகளோடு கூடவே போவார்கள். கடை இல்லை, கிளினிக் இல்லை. தொலைபேசிக்கு சிக்னல் கிடைப்பதும் ஒரேயொரு பாலை மரத்தின் கீழ்தான்.

முதல் தடவை அங்கே போனபோது எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. எங்கு பார்த்தாலும் பசு. ஆனால் பிள்ளைகளின் கையில் வெறும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும். காரணம் பிறகுதான் தெரிந்தது. காலையில் கறந்த பால் கேனுக்குள் போகும். கேன் நிறைந்ததும் மூடி போடுவார்கள். மூடி போட்ட கேனைத் திரும்பத் திறப்பதில்லை. திறந்தால் மாட்டில் பால் வற்றும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெற்ற பிள்ளை அழுதாலும் திறக்கமாட்டார்கள். பால்காரர் வந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே பிள்ளையின் பங்கை மூடி போடும் முன்னரே எடுத்து வைக்க வேண்டும். “கொஞ்சம் எடுத்து வைக்கிறம் மிஸ்” என்று எல்லாத் தாய்மாரும் சொன்னார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ ஒரு நாளைக்கு ஒரு விதம். கேன் நிறையாத நாளில் அது இல்லாமலே போனது.

அதனால்தான் கோடு போட்ட கோப்பை என்ற யோசனை வந்தது. இந்தக் கோடுவரை பால் பிள்ளைக்கு, அதைக் காய்ச்சிப் பயற்றம் மாவும் முட்டையும் சேர்த்துக் கஞ்சியாக்க வேண்டும், வேறெவரும் அந்தக் கோப்பையைத் தொடக்கூடாது. ஒரு படம் வரைவித்தோம். சிவப்புக் கோடுகள் போட்ட கோப்பை, பக்கத்தில் சிரிக்கிற பிள்ளை. கோப்பைகளை நுகேகொடையில் ஒரு கடையில் சொல்லிவைத்தோம். அவை வரத் தாமதமானது. “படம் முந்திப் போகட்டும், ஆட்களுக்குப் பழகும்” என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. படங்கள் போயின.

இனி அந்தச் சனிக்கிழமை.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மகன் அகரனுக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லை. ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அறை அறையாக ஓடினான். நான் கிண்ணத்தோடு பின்னால். அப்போது மேனகாவிடமிருந்து படம் வந்தது. மேனகா அந்தப் பக்கத்து ஊர்ப் பெண், எங்களுடைய தொண்டர். வாரக் கடைசியில் வாடிகளுக்குப் போய்த் தங்கிப் பிள்ளைகளைப் பார்ப்பவள்.

படத்தில் கபி பாயில் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலைமாட்டில் ஒரு கோப்பை. கீழே, “மிஸ், கபி இண்டைக்கு முழுக் கோப்பையும் முடிச்சிட்டான். நல்ல நித்திரை.”

கபி, வாடியில் இருந்த இளம் தாய் சுகந்தியின் மகன். அகரனைவிடச் சில மாதம் இளையவன். மழைக்கு முன்னரிருந்தே அவனுடைய நிறை ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் தராசில் தொங்கவிடும்போது சுகந்தி முள்ளைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். அவன் ஒரு கோப்பை முடித்தான் என்றால் அது எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

திரும்பவும் எடுத்தேன்.

என்னவென்று தெரியவில்லை, ஏதோ இடறியது. நான் எப்போதும் இப்படித்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு அகரனின் பின்னால் போனேன். இரண்டு வாய் ஊட்டினேன். பிறகுதான் பிடிபட்டது. அது பட்டி திரும்பும் நேரம். காடு போன மாடுகள் வாடிக்கு வரும். இரவில் பாலைக் குடித்துவிடாதபடி கன்றுகளை வேறாகக் கட்டுவார்கள். தாய் ஒரு பக்கம் கத்தும், கன்று ஒரு பக்கம் கத்தும், நாய்கள் குரைக்கும். வாடியில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வேலியில் ஏறி நிற்பார்கள். கபி எல்லோருக்கும் முன்னால் நிற்பான். கன்று கத்தினால் அவனும் கத்துவான். நான் அங்கே தங்கிய நாட்களில் அந்த நேரத்தில் ஒரு பிள்ளை நித்திரை கொண்டு பார்த்ததில்லை.

மேனகாவுக்கு ஃபோன் எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன்.

“என்னப்பா, என்ன பிரச்சினை?” என்று கணவர் கேட்டார்.

“கபி நித்திரையாம்.”

“நல்லதுதானே.”

“இந்த நேரத்தில நித்திரை கொள்ளமாட்டான்.”

“எங்கட மகன் நித்திரை கொள்ளேல்லை எண்டு ஒரு கவலை, அந்தப் பிள்ளை நித்திரை கொண்டிட்டான் எண்டு ஒரு கவலை. நீர் முதல்ல அந்தக் கிண்ணத்தை என்னட்டத் தாரும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் முறை மேனகா எடுத்தாள். படம் அனுப்புவதற்காகப் பாலை மரத்தடிக்கு வந்தவள் இன்னும் அங்கேயே நின்று வீட்டாரோடு கதைத்துக்கொண்டிருந்தாளாம்.

“மேனகா, கபியை ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ.”

அவள் சிரித்துவிட்டாள். “ஐயோ மிஸ், வயிறு நிறஞ்சு படுத்திரிக்கான். எழுப்பினா சுகந்தி எனக்கு ஏசுவா.”

“எப்ப படுத்தவன்?”

“மத்தியானத்துக்குப் பிறகு எண்டு நினைக்கன்.”

“கஞ்சி குடிச்ச உடனேயா?”

“தெரியல்ல மிஸ். கேட்டிட்டு வரவா?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மரத்துக்கும் வாடிக்கும் இடையில் ஒரு சேற்றுப் பள்ளம் இருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் போய் வரவேண்டும். வாடியில் சிக்னல் இல்லை. போய்வரும் நேரம் முழுக்க எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்க என்னிடம் பத்துக் கேள்விகள் இருந்தன. காய்ச்சலா, பாம்பு ஏதும் கடித்ததா, வயிற்றோட்டமா, முட்டை ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அனுப்பியிருந்தால் இருட்டியிருக்கும்.

“ஒண்டும் கேட்க வேண்டாம்” என்றேன். “எழுப்புங்கோ. எழும்பி அழுதானெண்டா எனக்குச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

அவள் போனாள். தெற்கே போகும் ரயில் வந்தது. அது கடக்கும்வரை எங்கள் வீட்டில் எதுவும் கேட்காது. ஃபோன் அடித்தாலும் கேட்காது என்று அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தேன். கபியின் முகம். பாய். கோப்பை. கோப்பையில் சிவப்புக் கோடுகள்.

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், எங்கள் படத்தில் உள்ளதைப் போலவே இருக்கிறதே என்று. ஆனால் எங்கள் கோப்பைகள் இன்னும் நுகேகொடைக் கடையில்தான் இருந்தன. வெள்ளிக்கிழமைகூட நான் அவர்களோடு கதைத்தேன். அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?

குசினித் தட்டில் அகரனின் காய்ச்சல் பாணி மருந்துப் போத்தல் இருந்தது. அதன் தலையில் கவிழ்த்தபடி ஒரு சின்னக் கோப்பை, அதிலும் கோடுகள். வீடுகளில் கோடு போட்ட கோப்பை எதோடு வரும் என்று அப்போது விளங்கியது. மருந்தோடு வரும். மேனகா அனுப்பிய படத்தில் இருந்தது பிள்ளை மருந்துக் கோப்பையைவிட நாலு மடங்கு பெரிது. வாடியில் அவ்வளவு பெரிய மருந்துப் போத்தல் மாட்டுக்குத்தான் இருக்கும். மழை தொடங்கியிருந்தது. மழை தொடங்கினால் உண்ணி கூடும், மாட்டுக்கு உண்ணி மருந்து அடிப்பார்கள்.

மேனகா மரத்தடியிலிருந்து திரும்ப எடுத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. “மிஸ், அவன் எழும்புறான் இல்ல. கண்ணத் திறந்தான், திரும்ப மூடிட்டான். கை கால் சோந்து கிடக்கு. பாயில கொஞ்சம் வாந்தியும் எடுத்திரிக்கான், நாங்க காணல்ல.”

“மேனகா, நல்லாக் கேளுங்கோ. அந்தக் கோப்பை என்ன கோப்பை?”

“எந்தக் கோப்ப?”

“தலைமாட்டில இருக்கிறது. உண்ணி மருந்தோட வந்ததா?”

“தெரியா மிஸ்.”

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகந்தியை மரத்தடிக்கு வரச் சொல்லுங்கோ. தகப்பனும் வரட்டும். கோப்பையும் வரட்டும். மாட்டுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலும் கட்டாயம் வரட்டும். ஒண்டையும் விட்டிட்டு வராதேங்கோ.”

கணவர் இப்போது சிரிக்கவில்லை. தன் ஃபோனில் எங்கள் குழுவின் குழந்தை வைத்தியருக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தெஹிவளையில் இருப்பவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘டொக்டர்’தான். கிளினிக்கில் நோயாளிகளுக்கு நடுவில் எடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

“நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது டொக்டர். நான் ஊகிக்கிறன்.”

“சரி, அந்த மருந்துதான் எண்டு நினைச்சே செய்வம். வாந்தி எடுக்க வைக்க வாணாம். உப்புத் தண்ணி, இளநீ, பால் ஒண்டும் குடுக்க வாணாம். ஒரு பக்கமா சரிச்சுப் படுக்க வைங்க. வாய், கையெல்லாம் துடைச்சு விடுங்க. மூச்சப் பாத்துக்கொண்டே இரிக்கணும். உடனே ஆஸ்பத்திரிக்கு. போத்தல மறக்க வாணாம், விளங்கிச்சா? அங்க இரிக்கிற டொக்டருக்கு என்ன மருந்து எண்டு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்ச மாதிரி.”

மரத்தடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டது கேட்டது. மேனகா ஃபோனை சத்தமாக வைத்தாள், டொக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டுக் கோப்பையைப் பற்றிக் கேட்டேன். சுகந்தியின் குரல் நடுங்கவில்லை. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

“ஓம் மிஸ், உண்ணி மருந்தோட வந்த கோப்பதான். நான் சவுக்காரம் போட்டு, சுடுதண்ணி ஊத்திக் கழுவி எடுத்தனான். இவ்வளவு நாளும் அதிலதான் குடுத்தன். ஒண்டும் ஆகல்லயே.”

பக்கத்தில் அவளுடைய கணவரின் குரல், மெதுவாக: “இண்டைக்கு விடிய கண்டுக்கு உண்ணி மருந்து அடிச்சனான்.”

“எதில அளந்த நீங்க?” என்றாள் சுகந்தி.

“அதிலதான். வேற என்ன கிடக்கு? அலசித்தான் திரும்பக் கூரையில கொழுவினன்.”

கன்றுகள் கத்துவது இங்கே வரை கேட்டது.

“கோவப்பட இப்ப நேரமில்லை” என்றேன். யாரும் கோபப்படவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேனோ என்னவோ. “டிராக்டர் இருக்குதுதானே? குளக்கட்டுச் சந்திக்குப் பிள்ளையைக் கொண்டு வாங்கோ. அம்புலன்ஸை நான் அங்க வரச் சொல்லுறன்.”

சுகந்தியின் கணவர் ஃபோனுக்குக் கிட்ட வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

“மிஸ், இது ஆன இறங்கிற நேரம். நேத்தும் அந்தப் பாதையில நிண்டது. இருட்டப் போகுது. வெளிச்சத்தக் கண்டா நேர வரும். பொஞ்சாதியையும் புள்ளையையும் ஏத்திட்டுப் போகச் சொல்லுறீங்க. விடிய வெள்ளனப் போனா என்ன? நீங்க ஒரு போட்டோவத்தானே பாத்தீங்க.”

நான் இந்த வேலையில் சந்தித்த ஆகக் கடினமான கேள்வி அதுதான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அந்தப் பாதையில் போக வேண்டியவள் நான் அல்ல. என் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் மின்விசிறிக்குக் கீழே நின்று சோற்றைத் துப்பிக்கொண்டிருந்தான். நான் நினைத்தது பிழையென்றால், வெறும் நித்திரை என்றால், ஓர் ஊகத்துக்காக ஒரு குடும்பத்தை யானைக்கு முன்னால் அனுப்பியவளாவேன். சரியென்றால், விடியும்வரை காத்திருக்கச் சொல்லிப் பிள்ளையைக் கொன்றவளாவேன். இரண்டுக்கும் இடையில் நிற்க இடமில்லை. கதவைப் பூட்டினேனா என்று திரும்ப ஏறிப் பார்க்கிற மாதிரி இதைத் திரும்பப் பார்க்கவும் முடியாது.

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். ‘டொக்டர் நிச்சயமாகச் சொன்னார்’ என்று ஒரு சொல் போதும், கிளம்பிவிடுவார்கள். வாய்வரை வந்தது. ஆனால் பாதையில் போகப்போகிறவர் எதை நம்பிப் போகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

“ஓம்” என்றேன். “நான் போட்டோவைத்தான் பாத்தனான். எனக்கு நிச்சயம் இல்லை. டொக்டரும் பிள்ளையைக் காணேல்லை. ஆனா உண்ணி மருந்து உள்ள போயிருந்தா விடியும்வரை தாங்குவானோ எண்டு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. என்ர பிள்ளையெண்டா நான் இப்ப போவன். பாதையைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.”

சுகந்திதான் சொன்னாள், என்னிடமல்ல, அவரிடம்.

“நீங்க டிராக்டர எடுங்க. எடுக்காட்டி நான் நடந்து போறன்.”

பிறகு ஃபோன் அறுந்துவிட்டது.

அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் சிங்களத்தில் இடத்தைக் கேட்டாள். வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரே இல்லை. குளம், அணைக்கட்டு, சந்தியில் மூடிக்கிடக்கும் கடை, அதன் முன்னால் தகரப் பந்தல் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் என் அலுவலகச் சிங்களத்தில் சொன்னேன். “பபாட்ட வயச கீயத, மிஸ்?” என்று அவள் பிள்ளையின் வயதைக் கேட்டபோதுதான் என் குரல் உடைந்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். வாகனம் புறப்படுகிறது என்றாள்.

அதன் பின்னர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உங்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரம் இந்த வேலையில் வரும். கொழும்பில் இருந்துகொண்டு வாடியில் உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு சொல்லுகிற எல்லோருக்கும் வரும். நான் பால்கனியில் நின்றேன். கீழே ஒழுங்கையில் ஆட்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ வடை வாங்கி வந்தார்கள். எனக்குப் பாதைதான் தெரிந்தது. டிராக்டர் வெளிச்சம், அதற்கு முன்னால் பெரிய கறுப்பு. நான் ஏன் ஃபோன் எடுத்தேன் என்று ஒரு தடவை, ஏன் இன்னும் கொஞ்சம் முந்தி எடுக்கவில்லை என்று ஒரு தடவை. அந்தச் சிவப்பு இதயத்தை அழிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அழிக்கவில்லை.

“நீர் செய்யக்கூடியதைச் செய்திட்டீர். இருந்து தண்ணி குடியும்” என்றார் கணவர். அகரன் அவர் தோளில் நித்திரை. நான் போய் அவன் காலைக் கிள்ளினேன். சிணுங்கினான். இன்னொரு தடவை கிள்ளப் போனபோது கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேனகா சந்தியிலிருந்து எடுத்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பின்னால் சைரன் கேட்டது. “ஏத்திட்டம் மிஸ். மூச்சு இரிக்கி. மெதுவா இரிக்கி.” பாதையில் யானை நின்றிருந்ததை அவள் அன்று சொல்லவில்லை, அடுத்த வாரம்தான் சொன்னாள். எஞ்சினையும் விளக்கையும் நிறுத்திவிட்டு, அது கடக்கும்வரை சுகந்தி பிள்ளையின் மூக்குக்கு முன்னால் தன் கன்னத்தை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே போத்தலை வாங்கிப் பார்த்தார்கள். என்ன மருந்து, எவ்வளவு கடுமையானது என்று அதில் எழுதியிருந்தது. எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் நாடி மிகவும் இறங்கியிருந்ததாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். அந்த இரவு நான் எத்தனை தடவை ஃபோனைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். மறுநாள் மத்தியானம் கபி கண் விழித்து, ஊசி ஏற்றிய கையை இழுத்து அழுதிருக்கிறான்.

சுகந்தியோடு அதற்குப் பிறகு மேனகாவின் ஃபோனில் கதைத்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“படத்தில கோடு இருந்திச்சு மிஸ். கோடு முக்கியம் எண்டு மேனகாக்கா சொன்னா. எங்கட வாடியில கோடு போட்ட சாமான் அது ஒண்டுதான். அதான் சவுக்காரம் போட்டுக் கழுவினன்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைப் பற்றிக் கூடிப் பேசினோம். ஒருவர், கெட்டவர் அல்ல, “மருந்துக் கோப்பையில பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது எண்டுகூடவா சொல்லிக் குடுக்கவேணும்?” என்றார். நான் கூட்டங்களில் அதிகம் பேசுகிற ஆள் அல்ல. அன்று பேசினேன். அந்த மேய்ச்சல் தரையில் அத்தனை தாய்மார் இருக்கிறார்கள். பாதிப் பேர் எங்கள் படத்தை வாடியில் செருகிவிட்டு வழக்கம்போல் ‘கொஞ்சம்’ எடுத்து வைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் சொன்னதை அப்படியே செய்தவளின் பிள்ளைதான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டேனோ என்று மத்தியானம்வரை யோசித்தேன். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. படங்களைத் திரும்ப எடுக்க மேனகா வாடி வாடியாகப் போனாள்.

ஆகவே, சொன்னபடி கேட்காதவர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அவர்களைப் பற்றிப் பேச எல்லாக் கூட்டங்களிலும் ஆட்கள் இருப்பார்கள். சொன்னபடி அப்படியே கேட்கிறவளை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரைந்து அனுப்புகிற பொருள் அவள் வாடியில் இல்லையென்றால், அதற்குப் பதிலாக அவள் கை எதை எடுக்கும் என்று யோசியுங்கள். முடிந்தால் போய், அவள் தட்டில் என்ன இருக்கிறது, கூரையில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். இப்போது நாங்கள் தேங்காய்ச் சிரட்டையால் அளக்கிறோம். எல்லா வாடியிலும் சிரட்டை உண்டு, அதை வைத்து எவரும் மாட்டுக்கு மருந்து அளப்பதில்லை. நுகேகொடைக் கோப்பைகள் கடைசியில் வந்து சேர்ந்தன. நீங்கள் திறக்கப்போகும் அலுமாரியின் கீழ்த்தட்டில் அவை இருக்கும். அவற்றை அனுப்புவதா, எறிவதா என்று எனக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. கெட்ட செய்தி வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். அன்று கபியின் செய்தி நல்ல செய்தியாக வந்தது. நல்ல செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள், இதயமும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அப்படி நடக்குமா என்று ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

போன மாதம், அறுவடை முடிந்து பட்டிகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, சுகந்தியே ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய கணவர் சல்லி சேர்த்து வாங்கிக் கொடுத்த புது ஃபோன். படத்தில் கபி வீட்டு நிலத்தில் நித்திரை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. நல்ல பகல் வெளிச்சம், அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் நித்திரை கொள்ளும். எனக்குத் தெரியும். இருந்தும் விரல் ஃபோன் எடுக்கப் போய்விட்டது. போகட்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்று வைத்தேன். பிறகு எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். நான் ஹலோ சொல்வதற்குள் ஃபோனுக்குள் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

“படத்த அனுப்பின உடனேயே எழுப்பிட்டன் மிஸ்” என்றாள் சுகந்தி, அந்த அழுகைக்கு மேலாகக் கத்தி. “நீங்க எடுப்பீங்க எண்டு தெரியும். கேக்குதா? நல்லாக் கேளுங்க.”

கேட்டேன். அவன் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.